ஜிப் ஏன் வாய் பிளக்கிறது?

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் கடந்து ஏற்காட்டில் இறங்கியதும், கை தானாக ஸ்வெட்டரின் ஜிப்பைத் தேடும். அதை மெதுவாக இழுத்துப் பாருங்கள். ஒவ்வொரு பல்லுக்கும் மேலே மேடு, அடியில் குழி. இரு வரிசைகளையும் விரலால் நேராக அழுத்தினால் அவை பொருந்தமாட்டா. தையற்காரர் 'ரன்னர்' என்னும் துண்டு, வரிசைகளை வளைத்துப் பற்களை ஒவ்வொன்றாகக் கோக்கிறது. இறக்கும்போது அதனுள் இருக்கும் ஆப்பு அவற்றைப் பிரிக்கிறது.

1893இல் அமெரிக்கர் ஜட்சன் காப்புரிமை பெற்றது கொக்கி வகை, எளிதில் அவிழ்ந்துவிடும். இன்றைய பல்லமைப்பை 1913இல் உருவாக்கியவர், சுவீடனில் பிறந்த சுண்ட்பேக்.

மூடிய ஜிப் பிளந்தால் பற்களைக் குறை சொல்லாதீர்கள். பெரும்பாலும் ரன்னர்தான் தேய்ந்து அகன்றிருக்கும். அதன் இரு ஓரங்களையும் குறடால் இலேசாக அழுத்துங்கள். இலேசாக என்றேன், அதிகமாக அழுத்தி ஒரு ஸ்வெட்டரை இழந்தவன் நான்!