பெண்கள் பெண் மனநல வல்லுநரை விரும்புதல்

மனநல உதவியை நாடும் பெண்களுள் ஒரு பகுதியினர், தம்மைப் பார்க்கும் மனநல மருத்துவர், உளவியலாளர் அல்லது ஆற்றுப்படுத்துநர் ஒரு பெண்ணாக இருக்க வேண்டும் என்று விரும்புகின்றனர். எல்லாப் பெண்களும் இவ்வாறு எதிர்பார்ப்பதில்லை. எதிர்பார்ப்பவர்களுக்கு அது கிடைக்காதபோது, சிலர் தம் துன்பத்தில் பாதியை மட்டும் சொல்கின்றனர். சிலர் மருத்துவமனைக்கே செல்வதில்லை. ஆகவே இதைத் தனிப்பட்ட கூச்சம் என்று மட்டும் கொள்ள இயலாது. சிகிச்சையின் பயனும் இதைச் சார்ந்துள்ளது.

வரலாற்றுப் பின்னணி

பெண்களுக்குப் பெண் மருத்துவர் வேண்டும் என்ற தேவை தமிழகத்தில் முதலில் உடல்நல மருத்துவத்தில் உணரப்பட்டது. 1875-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பெண்கள் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் ஒருவரான மேரி ஷார்லீப்பின் முயற்சியால், ஆண் மருத்துவரிடம் வரத் தயங்கிய பெண்களுக்கென 1885-இல் சென்னையில் ஒரு மருத்துவமனை தொடங்கப்பட்டது. அதுவே இன்று திருவல்லிக்கேணியில் உள்ள கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை ஆகும்.

அன்றைய தென்னாற்காடு மாவட்டத்தைச் சேர்ந்த திண்டிவனத்தில் நிகழ்ந்தது பரவலாக அறியப்பட்ட செய்தி. 1890களில் ஒரே இரவில் மூன்று வீட்டார், பேறுகால வேதனையில் இருந்த பெண்களுக்கு உதவுமாறு ஐடா ஸ்கடரை அழைத்தனர். அவர் அப்போது மருத்துவம் படித்திருக்கவில்லை. மருத்துவரான அவர் தந்தை ஆண் என்பதால் அவரை அழைத்துச்செல்ல வீட்டார் மறுத்துவிட்டனர். மூன்று பெண்களும் இறந்தனர். பின்னர் ஐடா மருத்துவம் பயின்று 1900-இல் வேலூரில் பணியைத் தொடங்கினார். 1918-இல் அங்கே பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் நிறுவினார்.

மனநலத் துறையில் பெண்களின் வருகை இதற்கு வெகுகாலம் பிந்தியது. இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் எனப்படும் எம். சாரதா மேனன் 1961 முதல் 1978 வரை கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்தார். 1984-இல் ஸ்கார்ஃப் என்னும் மனச்சிதைவு நோய் ஆராய்ச்சி நிறுவனத்தை உருவாக்கினார். 1993-இல் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் ஆகிய இருவரும் வீடற்ற மனநோயுற்ற பெண்களுக்காகச் சென்னையில் தி பேனியன் அமைப்பைத் தொடங்கினர்.

விருப்பத்திற்கான காரணங்கள்

1. பேசப்படும் பொருள்: மாதவிடாய்க்கு முந்தைய மனமாற்றம், பிள்ளைப்பேற்றுக்குப் பிந்தைய மனச்சோர்வு, குழந்தையின்மை, கருச்சிதைவு, தாம்பத்திய உறவில் வலி முதலியவை ஆணிடம் பேசக்கூடாதவை என்று பல வீடுகளில் கற்பிக்கப்படுகின்றன.

2. வன்முறை அனுபவம்: கணவனிடம் அடிபட்ட பெண்ணும், பாலியல் வன்கொடுமைக்கு உள்ளான பெண்ணும் மூடிய அறையில் ஓர் ஆணுடன் தனியே இருக்கவே அஞ்சலாம்.

3. குறை கூறப்படும் அச்சம்: "கொஞ்சம் அனுசரித்துப் போங்கள்" என்ற அறிவுரையை வீட்டில் பலமுறை கேட்டவர், அதே சொல் மருத்துவரிடமிருந்தும் வந்துவிடுமோ என்று தயங்குகிறார். பெண் ஒருவர் தம் நிலையை விரைவில் புரிந்துகொள்வார் என நம்புகிறார்.

4. குடும்பத்தின் ஒப்புதல்: பெண்ணைச் சிகிச்சைக்கு அனுப்புவதைக் கணவனோ மாமியாரோ முடிவு செய்யும் வீடுகளில், மருத்துவர் பெண் என்பதே அனுமதி கிடைக்கக் காரணமாகிறது.

சொல்லாமல் விடுவதன் விளைவு

மனத்துன்பம் பெரும்பாலும் உடல் மொழியில் வெளிப்படுகிறது. தலைவலி, நெஞ்சுப் படபடப்பு, உடல் அசதி, வெள்ளைப்படுதல் என்றே பல பெண்கள் தொடங்குவர். கோவாவில் விக்ரம் படேல் குழுவினர் நடத்திய ஆய்வுகள், வெள்ளைப்படுதல் பற்றிய முறையீடு மனச்சோர்வு, பதற்றம் ஆகியவற்றோடு தொடர்புடையதாக இருப்பதைக் காட்டின. அந்த முறையீட்டையே வாய்விட்டுச் சொல்ல இயலாதபோது நோயறிதல் தொடக்கத்திலேயே தடைப்படும்.

மருந்துகளிலும் இவ்விடர் உண்டு. ரிஸ்பெரிடோன் போன்ற சில மருந்துகள் புரோலாக்டின் சுரப்பைக் கூட்டி மாதவிடாயை நிறுத்தக்கூடும். மார்பில் பால் சுரக்கவும் செய்யலாம். வெட்கத்தால் இதைச் சொல்லாத பெண், மருத்துவரிடம் கேளாமல் மருந்தையே நிறுத்திவிடுவதுண்டு. வால்ப்ரோயேட் கருவிலுள்ள குழந்தைக்குக் குறைபாடு விளைவிக்கக்கூடியது. எனவே மாதவிடாய் தள்ளிப்போனதையும் கருத்தரிக்கும் எண்ணத்தையும் மருத்துவர் அறிந்திருப்பது இன்றியமையாதது.

சிற்றூர்ச் சூழல்

கடலூர் மாவட்டத்தில் பண்ருட்டிக்கும் நெல்லிக்குப்பத்துக்கும் அருகில் உள்ள மேல்பட்டாம்பாக்கம் போன்ற பேரூர்களிலிருந்து மனநல சிகிச்சைக்குக் கடலூர், நெய்வேலி, புதுச்சேரி ஜிப்மர் என்று வெளியூர் செல்ல வேண்டியுள்ளது. பேருந்தில் தனியே சென்றுவர இயலாத பெண்ணுடன் வீட்டார் ஒருவர் வருவார். பெரும்பாலும் மருத்துவர் அறைக்குள்ளும் வருவார். அந்நிலையில் மருத்துவர் பெண்ணாக இருந்தாலும் நோயாளி மனந்திறந்து பேச முடியாது. மேலும், உள்ளூரில் அறிமுகமான பெண் மருத்துவரைவிட, தம்மை யாரென்றே அறியாத வெளியூர் ஆண் மருத்துவரை விரும்பும் பெண்களும் உள்ளனர். அவர்களுக்குச் செய்தி வெளியே போகாது என்ற உறுதியே முதன்மையானது.

சட்டமும் நடைமுறையும்

2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ள மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இன் 18-ஆம் பிரிவு, பாலினப் பாகுபாடின்றியும், நோயாளியும் குடும்பத்தாரும் ஏற்கத்தக்க முறையிலும் சேவை அளிக்கப்பட வேண்டும் என்கிறது. 23-ஆம் பிரிவு இரகசியம் காக்கப்படும் உரிமையைத் தருகிறது.

பெண் வல்லுநர் இல்லாத இடத்தில் சில எளிய முறைகள் உதவும். பெண் செவிலியரோ சமூகப் பணியாளரோ முதலில் பேசி விவரம் அறியலாம். உடன் வந்தவரைச் சிறிது நேரம் வெளியே இருக்கச் செய்யலாம். நோயாளி விரும்பினால் பேச்சின்போது ஒரு பெண் ஊழியர் அறையில் இருக்கலாம். 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் வீட்டிலிருந்தே அழைக்கலாம்.

பாலினம் மட்டும் போதுமா?

வல்லுநரும் நோயாளியும் ஒரே பாலினத்தவராக இருப்பதால் மட்டும் சிகிச்சை சிறப்பதில்லை. இருவரிடையே உருவாகும் நம்பிக்கையே பெரிதும் துணைசெய்கிறது என்பது உளவியல் ஆய்வுகளில் பொதுவாகக் காணப்படும் முடிவு. பெண் வல்லுநரும் பழைய கருத்துகளோடு தீர்ப்புச் சொல்லக்கூடும். ஆண் வல்லுநரும் பொறுமையாகக் கேட்கக்கூடும். எனினும் முதல் முறை வருவதற்கும் முதல் சொல்லைச் சொல்வதற்கும் பெண் வல்லுநர் ஒருவர் இருப்பது பலருக்கு வழிதிறக்கிறது. அவ்விருப்பத்தைக் கேட்டுப் பெற இயலும் நிலையில், சிகிச்சையைத் தள்ளிப்போடும் காரணங்களுள் ஒன்று குறைகிறது.