மினிட்ஸ் நோட்டும் டீச்சரக்காவும்

எங்கள் சபை விவகாரத்தைச் சங்க மலரில் எழுதலாமா என்று முதலில் தயங்கினேன். ஆனால் நாக்பூரில் வந்து குடியேறிய நம் குடும்பங்களில் கோயில் விழாவானாலும், சபையானாலும், சங்கமானாலும் பெரும்பாலும் ஒரே கதைதான். வேலை பெண்களுக்கு, பதவி ஆண்களுக்கு. ஆகவே எழுதுகிறேன்.

நான் திருநெல்வேலிக்காரன். டிப்ளமோ முடித்து, ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பில் சேர்ந்து, 2018-ல் ஓய்வு பெற்றேன். எங்கள் தமிழ்ச் சபை சிறியது. போதகர் (எங்கள் பக்கம் ‘ஐயர்’ என்போம்) மாதத்தில் இரண்டு ஞாயிறுதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் ஆராதனை நடத்தியவர் ஒரு பள்ளி ஆசிரியை. எல்லோருக்கும் அவர் டீச்சரக்கா. ஓய்வுநாள் பாடசாலை, பாடகர் குழு, அறுவடைப் பண்டிகை ஏலக் கணக்கு எல்லாமே அவர் பொறுப்பு.

சுமார் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் அவரைச் சபைச் செயலாளராக ஒருவர் முன்மொழிந்தார். எழுந்து எதிர்த்தவன் நான். பெண்கள் சபையில் பேசலாகாது, ஆண்கள்மேல் அதிகாரம் செலுத்தலாகாது என்று பவுல் அப்போஸ்தலர் கொரிந்தியருக்கும் தீமோத்தேயுவுக்கும் எழுதியிருப்பதைச் சுட்டிக் காட்டினேன். முன்மொழிவு தோற்றது.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி கேட்டாள்: “ஐயர் வராத ஞாயித்துக்கிழமையெல்லாம் அக்காதான பிரசங்கம் பண்ணினாங்க? அப்போ பவுல் எங்க போயிருந்தாரு?”

என்னிடம் பதில் இல்லை. வேதத்தைத் திரும்பப் புரட்டினேன். அதே பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 11ஆம் அதிகாரத்தில், பெண்கள் ஜெபம் செய்யும்போதும் தீர்க்கதரிசனம் சொல்லும்போதும் தலையை மூடிக்கொள்ளச் சொல்கிறார். வாயே திறக்கக் கூடாதென்றால் முக்காடு பற்றிய அறிவுரை எதற்கு? ரோமர் 16ஆம் அதிகாரத்தில் அவர் முதலில் குறிப்பிடும் பெயர் பெபேயாள், கெங்கிரேயா சபையின் ஊழியக்காரி. கிரேக்க மூலத்தில் அவருக்கு வரும் சொல்தான் சபையின் உதவிக்காரர் பதவிக்கும் வழங்குகிறது. உயிர்த்தெழுந்த செய்தியைச் சீஷர்களிடம் கொண்டுபோனவரும் மகதலேனா மரியாள் அல்லவா?

எங்கள் ஊர்ச் சரித்திரமும் நினைவுக்கு வந்தது. பாளையங்கோட்டையில் 1785-ல் ஆலயம் கட்டியவர் குளோரிந்தா அம்மையார். தஞ்சாவூர்ப் பிராமண விதவை. 1778-ல் சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்றவர். அந்த ஆலயத்துக்கு மக்கள் வழங்கும் பெயரே பாப்பாத்தியம்மாள் கோயில். ஒரு பெண் அஸ்திவாரம் போட்ட மண்ணில் பிறந்த நான், இன்னொரு பெண்ணிடம் மினிட்ஸ் நோட்டைக் கொடுக்க மறுத்திருக்கிறேன்!

தென்னிந்தியத் திருச்சபை 1947-ல் உருவானது. அதில் 1976-ல் எலிசபெத் பால் குருப்பட்டம் பெற்றார். முதல் பெண் பேராயராக நந்தியாலில் புஷ்ப லலிதா பொறுப்பேற்றது 2013-ல். இடையில் 37 ஆண்டுகள். இங்கிலாந்துத் திருச்சபையில் 1994-ல் பெண்கள் குருவானார்கள். 2025 அக்டோபரில் சாரா முல்லலி காண்டர்பரி பேராயராக அறிவிக்கப்பட்டார். கத்தோலிக்கத் திருச்சபையோ, இயேசு தெரிந்தெடுத்த பன்னிருவரும் ஆண்களே என்பதைக் காரணம் காட்டி, குருத்துவம் ஆண்களுக்கே என்று 1994-ல் மீண்டும் உறுதி செய்தது. அது அவர்கள் விசுவாசம். அதற்குத் தீர்ப்புச் சொல்ல நான் யார்? என் வருத்தம், கதவு திறந்த சபைகளிலும் என்னைப் போன்றவர்கள் வாசலை மறித்து நிற்பதுதான்.

ரயில்வே போர்டுக்கே 2023 செப்டம்பரில் ஜெயா வர்மா சின்ஹா தலைவரானார். பாலத்தின் பாரம் எந்தத் தூணில் இறங்குகிறதோ, அந்தத் தூணை வரைபடத்தில் காட்டாமல் விடும் பொறியாளன் உண்டா? எங்கள் சபையில் அதைத்தான் செய்தோம்.

டீச்சரக்கா அந்தத் தோல்விக்கு அடுத்த ஞாயிறும் வழக்கம்போலப் பாடசாலை நடத்தினார். ஓய்வு பெற்றபின் ஊருக்குப் போய்விட்டார். போன கிறிஸ்துமஸ் அன்று தொலைபேசியில் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன்.

“அதெல்லாம் போகட்டும் தம்பி. இப்போ பாடசாலைய யாரு பாக்காங்க?” என்றார்.

இரண்டு இளம்பெண்கள் பார்க்கிறார்கள். அவர்களில் ஒருவரை அடுத்த சபைக் கூட்டத்தில் செயலாளராக நானே முன்மொழியப் போகிறேன். எதிர்ப்பவர்கள் பவுலைத் துணைக்கு அழைத்தால், பெபேயாளையும் கூடவே அழைத்து வரட்டும்.