கால்குலேட்டர் விற்று கம்ப்யூட்டர் செய்தவர்



2017-இல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு, பேரேட்டில் எழுதிய கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது நம் கெலமங்கலம் கடைவீதிக்கும் பழகிப்போன வேலை. அந்தக் கருவியை இந்தியாவில் முதன்முதலில் செய்து விற்றவர்களில் ஒருவர் நம் தமிழ்நாட்டுக்காரர் என்பதை இளைய வணிகர்கள் அறிய வேண்டும்.

அவர் சிவ் நாடார். 1945-இல் திருச்செந்தூர் பக்கத்து மூலைப்பொழி கிராமத்தில் பிறந்தவர். கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் பொறியியல் படித்தார். புனேயில் வேலையைத் தொடங்கி, பின்பு டெல்லியில் டி.சி.எம். நிறுவனத்தில் சேர்ந்தார். நல்ல சம்பளம். ஆனாலும் அர்ஜுன் மல்ஹோத்ரா, அஜய் சௌத்ரி முதலிய சக ஊழியர்களுடன் வேலையை உதறிவிட்டு வெளியே வந்தார்.

ஆசை கம்ப்யூட்டர் செய்வதில். அதற்கேற்ற முதலோ கையில் இல்லை. என்ன செய்தார்கள்? மைக்ரோகாம்ப் என்ற பெயரில் கால்குலேட்டர் விற்றார்கள். 1976-இல் எச்.சி.எல். பிறந்தது. ஆரம்ப முதலீடு 1,87,000 ரூபாய் என்பார்கள். உத்தரப் பிரதேச அரசு 26 சதவீதப் பங்குதாரராகச் சேர்ந்தது.

அதே 1976-இல் அமெரிக்காவில் ஆப்பிள் கம்பெனி தொடங்க, பொறியாளர் ஸ்டீவ் வோஸ்னியாக் தம் சொந்தக் கால்குலேட்டரையே விற்றார். முதல் திரட்டும் பாடு எங்கும் ஒன்றுதான்!

1977-இல் ஐ.பி.எம். இந்தியாவை விட்டு வெளியேற முடிவு செய்தது. அந்நியப் பங்கைக் குறைக்கச் சொன்ன சட்டத்தை அது ஏற்கவில்லை. சந்தையில் இடம் காலியானது. 1978-இல் எச்.சி.எல். தன் 8சி மைக்ரோ கம்ப்யூட்டரை வெளியிட்டது. ஐ.பி.எம். தன் பெர்சனல் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தது 1981-இல்தான்.

பின்னாளில் தந்தை பெயரில் 1996-இல் சென்னை அருகே எஸ்.எஸ்.என். பொறியியல் கல்லூரியை நிறுவினார். 2008-இல் பத்மபூஷண் பெற்றார்.

இதில் நமக்கென்ன பாடம்? ஓசூர், பெங்களூர் கடைகளைப் பார்த்துவிட்டு, அப்பா வைத்த கடையை மூடி, வட்டிக்கு வாங்கிப் புதுத் தொழிலில் இறங்க நம் பிள்ளைகள் சிலர் துடிக்கிறார்கள். ஆசை நல்லதே. ஆனால் புதுத் தொழில் கால் ஊன்றும் வரை சோறு போடுவது ஓடுகிற சரக்குதான். அந்த வியாபாரத்தைக் கையில் வைத்துக்கொண்டே அடுத்த அடி வையுங்கள். நம்பிக்கையான கூட்டாளிகளைச் சேருங்கள். பெரியவன் காலி செய்யும் இடம் தெரியும் நாளில், நம் சரக்கும் தயாராக இருக்கட்டும்!