சிப்பாயைக் கொடுத்து இடத்தை வாங்குதல்



சனிக்கிழமை வந்தால் தமிழ் வகுப்பு, நடனம், சதுரங்கம் என்று பிள்ளைகளை ஏற்றி இறக்குவதே நம்மில் பலருக்கு வேலை. அப்படி ஒரு தாய் நிலையத்துக்கு அழைத்துக் கேட்டார்: "அண்ணா, மகன் பதினைந்து நகர்வு வரைக்கும் பாடமாக்கி வைத்திருக்கிறான். எதிரில் இருந்த பிள்ளை நாலாவது நகர்விலேயே வேறு மாதிரி ஆட, இவன் திகைத்துத் தோற்றுப்போனான். இனிப் போகமாட்டன் என்கிறான். என்ன செய்யிறது?"

அவருக்குச் சொன்னதைச் சற்று விரிவாக இங்கே தருகிறேன்.

தொடக்க ஆட்டத்தில் செய்யவேண்டியவை மூன்று. பலகையின் நடுக்கட்டங்களைப் பிடிப்பது, குதிரைகளையும் பிஷப்புகளையும் வெளியே கொண்டுவருவது, காஸ்லிங் செய்து ராஜாவைப் பாதுகாப்பது. எந்தப் பெரிய பெயருடைய தொடக்கமும் இவற்றைச் செய்யும் ஒரு வழிதான்.

'காம்பிட்' என்பது காலை இடறி விழுத்துவதைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது. ஸ்பானியப் பாதிரியார் ருய் லோப்பெஸ் 1561இல் எழுதிய நூலில் இச்சொல்லைப் பயன்படுத்தினார். கணக்காளனான எனக்கு இது ஒரு முதலீடு. ஒரு சிப்பாயைக் கொடுத்து, நேரத்தையோ இடத்தையோ வாங்குகிறோம்.

'ராணி காம்பிட்டை' எடுங்கள். வெள்ளை, ராணியின் முன் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்துகிறது. கறுப்பும் அப்படியே செய்கிறது. அடுத்து வெள்ளை, ராணிக்கு அருகிலுள்ள பிஷப்பின் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி, "இதை வெட்டு" என்கிறது.

கறுப்பு வெட்டலாம். ஆனால் வெட்டிய சிப்பாயைக் கட்டிக் காக்க முனைந்தால் ஆபத்து. பக்கத்துச் சிப்பாய்களை முட்டுக்கொடுக்கத் தள்ளத் தள்ள மூலைவிட்டம் திறந்துவிடும். வெள்ளை ராணி அவ்வழியே கறுப்பின் மூலைக் கோட்டையைக் குறிவைக்கும். அதைக் காப்பாற்ற ஒரு குதிரையையோ பிஷப்பையோ பறிகொடுக்க நேரும். வெட்டாமல், ராஜாவின் சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தி நடுவைத் தாங்குவது 'மறுத்த ராணி காம்பிட்'. பிஷப்பின் சிப்பாயால் தாங்கினால் அது 'ஸ்லாவ்' தற்காப்பு.

தற்காப்பு என்றால் பயந்து ஒதுங்குவதல்ல. 2010இல் சோபியாவில் நடந்த உலகச் சாம்பியன் பட்டப் போட்டியில், பதினொரு ஆட்டங்களின் முடிவில் ஆனந்தும் தொப்பலோவும் சமநிலையில் இருந்தார்கள். கடைசி ஆட்டத்தில் ஆனந்துக்குக் கறுப்புக் காய்கள். தொப்பலோவ் ராணி காம்பிட்டை ஆட, அதை மறுத்து, பழைய உலக வீரர் லாஸ்கரின் பெயரால் வழங்கும் தற்காப்பை ஆனந்த் எடுத்தார். வென்று பட்டத்தையும் தக்கவைத்தார்.

ஆகவே பெற்றோரே, பிள்ளைக்கு வெள்ளையில் ஒரு தொடக்கமும், கறுப்பில் இரண்டு தற்காப்புகளும் இப்போதைக்குப் போதும். ராஜாவின் சிப்பாய்க்கு ஒன்று, ராணியின் சிப்பாய்க்கு ஒன்று. முதல் ஆறு நகர்வுகளிலும் "இது ஏன்?" என்று கேளுங்கள். உங்களுக்கு ஆட்டம் தெரியவேண்டியதில்லை, கேட்டால் போதும். காரணம் தெரிந்த பிள்ளை, எதிராளி பாதை மாறினாலும் திகைக்காது. தோற்ற ஆட்டத்தின் நகர்வுத் தாளை எறியாமல், எந்த இடத்தில் வழி பிரிந்தது என்று மறுநாள் இருவருமாகப் பாருங்கள். வரவு செலவைப் பார்க்காமல் எந்தக் கடையும் நிமிர்வதில்லை.

அந்தத் தம்பிக்கும் ஒரு சொல்: நாலாவது நகர்வில் திகைப்பு வந்தால், அங்கேதான் உன் சொந்த ஆட்டம் தொடங்குகிறது. அடுத்த சனிக்கிழமை போய் விளையாடு.