உங்களுக்குத் தெரியுமா? கஞ்சியும் ஒரு பாலிமர்தான்!

பாலிமர் என்றதும் பிளாஸ்டிக் பைதான் நினைவுக்கு வரும். ஆனால் சிறு மூலக்கூறுகள் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் வேதிப்பிணைப்பால் கோத்துக்கொண்ட நீண்ட சங்கிலி எதுவானாலும் அது பாலிமர்தான். 1920இல் ஜெர்மானிய வேதியியலாளர் ஹெர்மன் ஸ்டாடிங்கர் இப்படிச் சொன்னபோது சக விஞ்ஞானிகள் பலர் நம்பவில்லை. 1953இல் அவருக்கு நோபல் பரிசு!

வெண்ணந்தூர் போன்ற நெசவு ஊர்களில் இரண்டு பாலிமர்களை ஒன்றாகவே பார்க்கலாம். தறியின் இழுப்பிலும் உரசலிலும் அறுந்துபோகாமல் இருக்கப் பருத்திப் பாவு நூலுக்குக் கஞ்சி போடுவார்கள். நூல், செல்லுலோஸ். கஞ்சி, ஸ்டார்ச். சேலம், நாமக்கல் ஆலைகளில் குச்சிக்கிழங்கிலிருந்து ஜவ்வரிசியாக உருளுவதும் இதே ஸ்டார்ச்தான். வேடிக்கை என்னவென்றால், இரண்டுக்கும் அடிப்படை ஒரே குளுக்கோஸ்! கோத்த விதம்தான் வேறு. ஸ்டார்ச்சில் ஆல்பா பிணைப்பு என்பதால் சங்கிலி சுருளும். நம் எச்சிலில் உள்ள அமைலேஸ் நொதி அதை வெட்டிவிடும். செல்லுலோஸில் பீட்டா பிணைப்பு. சங்கிலிகள் நேராக நீண்டு, ஒன்றோடொன்று இறுகிக்கொள்ளும். அதனால்தான் பாயசம் செரிக்கிறது, வேட்டி செரிக்காது!

நெய்த துணியிலிருந்து கஞ்சியை எடுக்க ஆலைகள் பயன்படுத்துவதும் அமைலேஸ் நொதியைத்தான். பருத்தியை அது தொடாது. கஞ்சி முழுக்கப் போயிற்றா என்று பார்க்க ஒரு சொட்டு அயோடின் போதும். ஸ்டார்ச் மிச்சமிருந்தால் அந்த இடம் கருநீலமாகும். இல்லையென்றால் அயோடினின் பழுப்பு மட்டும்தான்.