காவலுக்கு வந்தது போக மறுத்தபோது

எங்கள் மாதர் சங்கத்தில் ஒரேயொரு கணனிதான் இருக்கின்றது. வெளிநாட்டிலுள்ள ஓர் அன்பர் பாவித்துவிட்டு அனுப்பியது. 2022 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அந்தக் கணனி திறப்பதற்கே இருபத்தைந்து நிமிடம் எடுக்கத் தொடங்கியது. நாடு முழுவதும் மின்வெட்டு நிலவிய காலம் அது. கணனி திறந்து, கடன் கணக்கு கண்ணுக்குத் தெரியும் நேரத்தில் மின்சாரம் போய்விடும். சுழற்சிக் கடனுக்கு விண்ணப்பித்த பெண்கள் வாசலில் காத்திருந்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

நான் சங்கத்தின் செயலாளர். கணனி படித்தவள் அல்ல. ஆறு மாத வகுப்பில் தட்டச்சும் கணக்குத் தாளும் பழகியவள், அவ்வளவுதான். நகரத்துக் கடையொன்றுக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டேன். "கொண்டுவந்து விடுங்கோ அக்கா, எல்லாத்தையும் அழிச்சுப்போட்டுப் புதுசாப் போட்டுத் தாறம்" என்றார்கள்.

எல்லாவற்றையும் அழிப்பதா? அந்தக் கணனிக்குள் எமது அங்கத்தவர்களின் காணிப் பத்திரங்கள், பிறப்பு, இறப்புச் சான்றிதழ்கள் ஆகியவற்றின் பிரதிகள் இருக்கின்றன. 2009 இல் நாங்கள் முகாமுக்குள் போனபோது ஒரு பொலித்தீன் பைக்குள் கட்டிக் காப்பாற்றிய கடதாசிகள் அவை. பலருடையவை அந்தப் பையுடனேயே தொலைந்தன. எங்கள் ஊர்ப் பெரியம்மா ஒருவரின் காணாமற்போன மகனுடைய படமும் அதற்குள்தான் இருக்கின்றது. கையிலிருந்த படம் ஈரம்பட்டு முகம் மங்கிவிட்டது. மங்குவதற்கு முன் எடுத்த பிரதி கணனியில் மட்டுமே இருந்தது. அதைக் கடையில் விட்டுவிட்டு வர எனக்கு மனம் வரவில்லை. அழிந்துபோகும் என்ற பயம் ஒருபுறம், பெண்களின் படங்களையும் அடையாள அட்டைகளையும் முன்பின் தெரியாதவர்கள் பார்ப்பார்களே என்ற தயக்கம் மறுபுறம்.

ஒரு வீட்டுக்கு இரண்டு காவல்

அயல்வீட்டுப் பிள்ளை உயர்தரத்தில் தகவல் தொழில்நுட்பம் படிக்கிறாள். அவள் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள். "அன்ரி, இதுக்குள்ள ரெண்டு அன்ரிவைரஸ் ஓடுது. ஒண்டு கணனியோட வந்தது, அதின்ர தவணை முடிஞ்சு கனகாலம். மற்றது ஆரோ இலவசமாப் போட்டது. ரெண்டும் ஒரே வேலையைச் செய்யுது."

அன்ரிவைரஸ் என்பது ஒவ்வொரு கோப்பும் திறக்கப்படும்போது இடையில் நின்று அதைப் பரிசோதிக்கும் மென்பொருள். இரண்டு இருந்தால் ஒரே கோப்பு இரண்டு தடவை பரிசோதிக்கப்படும். ஒன்றையொன்று சந்தேகிப்பதும் உண்டு. நினைவகம் குறைந்த பழைய கணனி அதைத் தாங்காது. தவணை முடிந்த காவலோ புதிய வைரஸ்களைப் பற்றி எதுவும் அறியாது. ஆனாலும் வாசலை மறித்துக்கொண்டு நிற்கும்.

இலவசமாகப் போட்டது பத்து நிமிடத்தில் போய்விட்டது. கணனியோடு வந்ததை நீக்கிக்கொண்டிருக்கையில் பாதியில் மின்சாரம் நின்றது. மறுநாள் பார்த்தால் மென்பொருட்களின் பட்டியலில் அதன் பெயர் இல்லை. ஆனால் கணனி அதே ஆமைதான். ராஸ்க் மனேஜர் என்ற பகுதியைத் திறந்து பார்த்தோம். பின்னால் அது ஓடிக்கொண்டே இருந்தது. நிறுத்தச் சொன்னால் 'அனுமதி மறுக்கப்பட்டது' என்று பதில் வந்தது.

நான் பொறுமை இழந்து அதன் கோப்புறையைக் கையாலேயே அழிக்க முயன்றேன். சில அழிந்தன, சில அழியவில்லை. அதன்பின் இணையமும் வேலை செய்யவில்லை. அன்றிரவு எனக்கு நித்திரை இல்லை.

அது ஏன் போக மறுக்கிறது?

ஐபிஎம் வகைத் தனியாள் கணனிகளுக்கிடையே பரவிய முதலாவது வைரஸ், 1986 இல் பாகிஸ்தானின் லாகூரில் இரு சகோதரர்கள் எழுதிய 'பிரெய்ன்' என்பதாகும். அதன்பின் வந்த வைரஸ்கள் பல ஒரு தந்திரத்தைக் கற்றுக்கொண்டன. கள்ளன் முதலில் நாயைத்தான் மடக்குவான் அல்லவா? அதுபோல் அவையும் முதலில் அன்ரிவைரஸையே நிறுத்தப் பார்த்தன. ஆகவே அதைச் செய்பவர்கள், யார் நிறுத்தச் சொன்னாலும் நிற்காதபடி அதற்குத் தற்காப்பு வைத்தார்கள். நாம் கடவுச்சொல் கொடுப்பதற்கு முன்பே அது விழித்துவிடும். கணனியின் அடித்தளத்தில், வட்டுக்கும் மற்ற மென்பொருட்களுக்கும் நடுவில் அமர்ந்திருக்கும். வலையமைப்புக்குள்ளும் ஒரு கையை வைத்திருக்கும். கோப்புறையை அழித்தபோது எங்கள் இணையம் அறுந்தது அதனால்தான். கள்ளனுக்காகப் போட்ட பூட்டு வீட்டுக்காரிக்கும் திறக்காமல் போனது.

இத்தகைய காவல்கள் எவ்வளவு ஆழத்தில் இருக்கின்றன என்பதை உலகம் 2024 ஜூலை 19 அன்று கண்டது. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான ஒரு புதுப்பிப்பினால் சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கணனிகள் செயலிழந்தன. விமானங்கள் நின்றன, வைத்தியசாலைகள் தடுமாறின. பல கணனிகளைச் சேஃப் மோட் போன்ற நிலையில் திறந்து, ஒரு கோப்பை ஒவ்வொன்றாக அழிக்க வேண்டியிருந்தது. எங்கள் சிறிய கணனியைக் காப்பாற்றியதும் அந்தச் சேஃப் மோட்தான்.

நாங்கள் செய்த முறை

முதலில் எல்லாக் கோப்புகளையும் ஒரு வெளி வட்டில் பிரதி எடுத்தோம். பிரதி எடுத்தால் மட்டும் போதாது. அதை வேறொரு கணனியில் போட்டு, திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெரியம்மாவின் மகனுடைய படம் அயல்வீட்டுப் பிள்ளையின் மடிக்கணனியில் திறந்த பிறகே எனக்கு மூச்சு வந்தது. உண்மையில் இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

அடுத்து, நீக்கும் கருவி. பெரிய அன்ரிவைரஸ் நிறுவனங்களில் அநேகமானவை, தமது மென்பொருள் சரியாக நீங்காவிட்டால் அதைச் சுத்தமாக அகற்றுவதற்கென ஒரு சிறு கருவியை இலவசமாகத் தருகின்றன. அதை அந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும். வேறு இடங்களில் அதே பெயரில் வைரஸே காத்திருக்கலாம். எங்கள் கணனியில் இணையம் இல்லாததால், பிள்ளையின் மடிக்கணனியில் இறக்கிப் பென்ட்ரைவில் கொண்டுவந்தோம்.

பின்னர் சேஃப் மோட். ஷிப்ட் விசையை அழுத்திப் பிடித்தபடி 'ரீஸ்ராட்' கொடுக்க வேண்டும். நீலத் திரை வரும். அதில் 'ட்ரபிள்சூட்', 'அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ்', 'ஸ்ராட்டப் செற்றிங்ஸ்' என்று போய், மீண்டும் 'ரீஸ்ராட்' கொடுத்து 4 ஆம் இலக்கத்தை அழுத்த வேண்டும். அந்த நிலையில் கணனி அத்தியாவசியமானவற்றை மட்டுமே எழுப்பும். காவல்காரன் நித்திரையில் இருப்பான். சில புதிய கணனிகள் இவ்விடத்தில் 'பிட்லொக்கர்' என்ற மீட்புச் சாவியைக் கேட்கும். அதை முன்கூட்டியே தேடி எழுதி வைத்திருப்பது நல்லது.

கருவியை ஓடவிட்டோம். மின்சாரம் வந்த கையோடு தொடங்கியதால் இடையில் நிற்கவில்லை. முடிந்ததும் கணனியைச் சாதாரணமாகத் திறந்தோம். மூன்று நிமிடத்தில் திறந்தது. இணையமும் வந்தது.

கூடியிருந்த பெண்களுக்கு நடந்ததை விளக்கியபோது ஓர் அக்கா சொன்னார்: "காவலுக்கெண்டு வந்தது போகமாட்டன் எண்டு நிக்கிறது எங்களுக்கென்ன புதுசே?" எல்லோரும் சிரித்தோம். பிறகு சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை.

காவலே வேண்டாம் என்பதல்ல

சகோதரிகளே, அன்ரிவைரஸ் கூடாது என்று நான் எழுதவில்லை. விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் 'டிபென்டர்' என்ற காவல் உள்ளேயே இருக்கின்றது. அதற்குத் தனியாகக் காசு கட்டத் தேவையில்லை. வேறொரு அன்ரிவைரஸ் இருந்தால் அது ஒதுங்கி நிற்கும், மற்றது முழுமையாகப் போனதும் பொறுப்பை எடுக்கும். ஆகவே ஒன்றை நீக்கிய பின் 'விண்டோஸ் செக்கியூரிட்டி'யைத் திறந்து, அது விழித்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். விண்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிவடைந்துவிட்டது என்பதையும் அதைப் பாவிப்பவர்கள் மனதில் வைத்திருக்க வேண்டும்.

இன்னும் மூன்று விடயங்கள்.

மென்பொருளை நீக்கினால் அதன் சந்தா நின்றுவிடாது. வெளிநாட்டில் இருக்கும் அண்ணனோ மகளோ தமது வங்கி அட்டையில் கட்டியிருந்தால், தானாகப் புதுப்பிப்பதை அவர்கள் தனியாக நிறுத்த வேண்டும்.

'உங்கள் கணனியில் வைரஸ், உடனே இந்த இலக்கத்துக்கு அழையுங்கள்' என்று திரையில் வருவது அன்ரிவைரஸ் அல்ல, ஏமாற்று. அழைக்கவும் வேண்டாம், காசு கட்டவும் வேண்டாம்.

அலுவலகம் தந்த கணனியாயின், பொறுப்பானவரிடம் கேட்காமல் அதிலுள்ள காவலை நீக்கக் கூடாது.

அன்று பின்னேரம் பெரியம்மாவைக் கூப்பிட்டு, மகனின் படத்தைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினேன். சேலைத் தலைப்பால் திரையைத் துடைத்துவிட்டு அவர் கேட்டார்: "இது இனி அழியாதே பிள்ளை?" இப்போது அது மூன்று இடங்களில் இருக்கிறது என்றேன். அடுத்த நாள் படத்தின் புதிய பிரதியொன்றை அச்சிட்டு, மூடிய உறையில் போட்டு அவரது கையில் கொடுத்தேன். நாலாவது இடம் அது.