ஒரு மீட்டர் குச்சியின் கணக்கு

மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலுக்கு வெளியே, மணலில் எங்கள் குடும்பம் எட்டுப் பேர் நின்றிருந்தோம். மாலை நேரம். அண்ணன் மகன் பையிலிருந்து செல்ஃபி ஸ்டிக்கை எடுத்துக் கணுக் கணுவாக நீட்டினான்.

"மொதல்ல இதை மடக்குடா. போறவங்க கண்ணுல குத்திடப் போகுது" என்றார் அண்ணன்.

"யார்கிட்டயாவது போனைக் குடுத்தா எடுத்துத் தர மாட்டாங்களா? வாயிருக்கு, கேட்டா ஆச்சு" என்றார் அம்மா.

"எடுத்துக் குடுக்கறவங்க பாதி நேரம் கோபுரத்தை வெட்டிடறாங்க பாட்டி. இதுல எல்லாரும் வருவோம், கோயிலும் வரும்" என்றபடி அவன் போனைப் பொருத்தினான்.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. வரிசையின் ஓரத்தில் போய் நின்றுகொண்டார்.

சுற்றுலா போகிற குடும்பங்களில் இந்த மூன்று குரல்களும் இன்று கேட்கின்றன. குச்சியால் ஆபத்து என்று ஒரு குரல், மனிதர் இருக்கக் குச்சி எதற்கு என்று இன்னொன்று, இதைவிட வசதி உண்டா என்று மூன்றாவது. யார் சொல்வது சரி? ஊர் திரும்பிய பிறகு, அளவுகோலும் தாளும் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூவர் பக்கமும் அறிவியல் கொஞ்சம் கொஞ்சம் நிற்கிறது.

லூவரில் ஓடிய சிறுவன்

இந்தக் குச்சி பிறந்ததே, முன்பின் தெரியாதவரிடம் கேமராவைக் கொடுத்ததால்தான். ஜப்பானின் மினோல்டா கேமரா நிறுவனத்தில் பொறியாளராக இருந்தவர் ஹிரோஷி உவேதா. அவர் குடும்பத்தோடு ஐரோப்பாவுக்குச் சுற்றுலா போனபோது, பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் ஒரு சிறுவனிடம் கேமராவைக் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னார். அவர் நகர்ந்து போய் நின்றதும் சிறுவன் கேமராவோடு ஓடிவிட்டான்.

ஊர் திரும்பிய உவேதா, நீட்டி மடக்கும் கம்பி ஒன்றைச் செய்து அதன் நுனியில் சிறிய கேமராவைப் பொருத்தினார். படத்தில் யார் யார் விழுகிறோம் என்று பார்க்கக் கேமராவின் முன்புறம் ஒரு கண்ணாடி. 1983இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். ஆனால் பொருள் விற்கவில்லை. படம் தெளிவாக வரவில்லை என்பது ஒரு காரணம். தன்னைத் தானே படம் எடுத்துக்கொள்வதைப் பெண்கள் கூச்சமாக நினைத்தார்கள் என்று நிறுவனம் நடத்திய சோதனையில் தெரிந்தது இன்னொரு காரணம். 1995இல் வந்த, பயனற்ற ஜப்பானியக் கண்டுபிடிப்புகளைத் தொகுத்த ஒரு வேடிக்கைப் புத்தகத்தில் இந்தக் குச்சிக்கும் இடம் கிடைத்தது. 2003இல் உவேதாவின் காப்புரிமை காலாவதியானது.

காலம் கனிய வேறொன்று வர வேண்டியிருந்தது. அது முன்பக்க கேமரா. கண்ணாடி செய்த வேலையைப் போனின் திரையே செய்யத் தொடங்கியதும் குச்சி உயிர்பெற்றது. 2014இல் டைம் இதழ், அந்த ஆண்டின் சிறந்த கண்டுபிடிப்புகள் பட்டியலில் இதைச் சேர்த்தது. உவேதா வடிவமைத்து முப்பது ஆண்டுகள் கடந்திருந்தன.

மூக்கு ஏன் பெரிதாகிறது?

செல்ஃபியில் மூக்கு பெரிதாகத் தெரிகிறது என்று வருந்தாதவர்கள் குறைவு. பழி லென்ஸ் மேல் விழுகிறது. உண்மையான காரணம் தூரம்.

மூக்கு நுனிக்கும் காதுக்கும் முன்பின்னாக ஏறக்குறைய 10 செ.மீ. இடைவெளி இருக்கும். கேமராவை மூக்கிலிருந்து 30 செ.மீ. தள்ளிப் பிடித்தால், காது 40 செ.மீ. தொலைவில் இருக்கிறது. பக்கத்தில் இருப்பது பெரிதாகவும் தள்ளி இருப்பது சிறிதாகவும் விழும் என்பதால், காதோடு ஒப்பிட மூக்கு மூன்றில் ஒரு பங்கு பெரிதாகிறது. அதே கேமராவை 1.5 மீட்டருக்குத் தள்ளிவிட்டால் 150, 160 என்று இரண்டு தொலைவுகளும் நெருங்கிவிடும். வித்தியாசம் 7 சதவீதத்துக்குள் சுருங்கிவிடும். முகம் அதேதான், லென்ஸும் அதேதான்.

அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழக முக அறுவை சிகிச்சை நிபுணர் போரிஸ் பாஸ்கோவர் குழுவினர் 2018இல் இதைக் கணித்து வெளியிட்டார்கள். 30 செ.மீ. தொலைவிலிருந்து எடுத்த படத்தில் மூக்கின் அகலம் ஆண்களுக்கு 30 சதவீதமும் பெண்களுக்கு 29 சதவீதமும் கூடித் தெரியும். 1.5 மீட்டரில் அந்தக் கோளாறு மறைந்துவிடும். செல்ஃபியைக் காட்டி மூக்கைச் சிறிதாக்கித் தரச் சொல்லி வருகிறவர்களுக்குப் புரியவைக்கத்தான் அவர்கள் இந்தக் கணக்கில் இறங்கினார்கள். தன் முகத்தையே தப்பென்று நினைக்கும் ஒரு பதின்வயதுப் பிள்ளைக்கு இந்தக் கணக்கை யாராவது சொல்லித் தர வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

கூட்டாக எடுக்கும் படத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். கையை முழுதாக நீட்டினால் போன் முகத்திலிருந்து சுமார் 60 செ.மீ. தள்ளி இருக்கும். பின் வரிசையில் நிற்பவர் இன்னொரு 60 செ.மீ. தள்ளி நின்றால், அவர் முகம் படம் எடுப்பவரின் முகத்தில் பாதியாகத்தான் விழும். 90 செ.மீ. குச்சியைச் சேர்த்தால் தொலைவுகள் 150, 210 ஆகும். இப்போது பின்வரிசை முகம் பத்தில் ஏழு பங்கு. பாட்டிக்கும் பேரனுக்கும் இடையே அளவு வித்தியாசம் குறைந்துவிடும்.

அகலத்துக்கும் இதே கணக்குத்தான். 80 டிகிரி விரிவைப் பார்க்கும் லென்ஸ் என்று வைத்துக்கொண்டால், 60 செ.மீ. தொலைவில் அதற்குள் ஒரு மீட்டர் அகலம் அடங்கும். இரண்டு பேர், நெருக்கி நின்றால் மூன்று பேர். 1.5 மீட்டரில் இரண்டரை மீட்டர் அடங்கும். எட்டுப் பேர் இரண்டு வரிசையாகத் தாராளமாக நிற்கலாம். 100 மீட்டர் பின்னால் இருக்கும் கோயிலுக்கோ இந்த ஒரு மீட்டர் ஒரு பொருட்டே இல்லை. நாம் படத்தில் சிறுக்க, கோபுரம் அதே அளவில் நிற்கும். அண்ணன் மகன் சொன்னது கணக்குப்படி சரி.

ஒரே பட்டன் உள்ள கீபோர்டு

குச்சியின் பிடியில் இருக்கும் பட்டன் எப்படிப் படம் எடுக்கிறது? போனில் கேமரா திறந்திருக்கும்போது வால்யூம் பட்டனை அழுத்தினால் படம் விழும். கம்பி இணைத்த பழைய குச்சிகள், ஹெட்போன் துளை வழியாக இந்த வால்யூம் கட்டளையைத்தான் அனுப்பின. ப்ளூடூத் குச்சி, தன்னை ஒரு கீபோர்டு என்று போனிடம் அறிமுகப்படுத்திக்கொள்கிறது. வால்யூமைக் கூட்டும் ஒரே ஒரு பட்டன் உள்ள கீபோர்டு.

ப்ளூடூத் என்றால் வானொலி அலை. வானொலி அலை என்றால் சட்டம் வந்துவிடும். 2014 நவம்பரில் தென்கொரியா, சான்று பெறாத ப்ளூடூத் குச்சிகளை விற்பவர்களுக்கு மூன்று ஆண்டு வரை சிறையோ 3 கோடி வோன் வரை அபராதமோ விதிக்கப்படும் என்று அறிவித்தது. மற்றக் கருவிகளின் அலைவரிசைக்கு இடையூறு வரக்கூடாது என்பது அதன் காரணம்.

நீளம் கேட்கும் விலை

இனி அண்ணன் பக்கத்துக் கணக்கு. 200 கிராம் போனைக் கையில் பிடிக்கும்போது அது மணிக்கட்டிலிருந்து 10 செ.மீ. தள்ளி இருக்கும். குச்சியின் நுனியில் ஒரு மீட்டர் தள்ளிப் போய்விடும். எடை அதேதான் என்றாலும், மணிக்கட்டைக் கீழே திருப்பும் விசை பத்து மடங்காகிறது. மணிக்கட்டு ஒரு டிகிரி அசைந்தால் கையில் இருக்கும் போன் இரண்டு மில்லிமீட்டர்கூட நகராது. குச்சி நுனியில் இருப்பதோ ஒன்றே முக்கால் செ.மீ. ஆடும். வெளிச்சம் குறைந்த இடத்தில் குச்சிப் படங்கள் கலங்கி வருவது இதனால்தான்.

கூட்டத்தில் இதைவிடப் பெரிய சிக்கல் இருக்கிறது. 60 செ.மீ. கையை வீசினால் ஒரு வட்டம் கிடைக்கும். குச்சியோடு அது 1.5 மீட்டர் ஆரமுள்ள வட்டம். நீளம் இரண்டரை மடங்குதான், ஆனால் பரப்பு ஆறு மடங்கு. தன் பங்கைவிட ஆறு மடங்கு இடத்தை ஒருவர் எடுத்துக்கொள்கிறார். அதுவும் கண்ணைத் திரையில் வைத்துக்கொண்டு. அந்த இடத்தில் ஒரு குழந்தை நிற்கலாம், நூற்றாண்டுகள் பழைய ஓவியம் தொங்கலாம்.

அருங்காட்சியகங்கள் தடை போட்டது இந்தக் காரணத்துக்காகத்தான். 2015 மார்ச்சில் வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்கள் குச்சிக்குத் தடை விதித்தன. லண்டனின் நேஷனல் கேலரியும் அதே காலத்தில் தடை போட்டது. விம்பிள்டன் டென்னிஸ் அரங்கும் அந்த ஆண்டு தடுத்தது. ஜூன் கடைசியில் அமெரிக்காவின் டிஸ்னி பூங்காக்களும் சேர்ந்துகொண்டன. இவற்றில் எதுவும் செல்ஃபியைத் தடுக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தடுக்கப்பட்டது நீளம் மட்டுமே.

உயிர் போகும் ஆபத்தும் உண்டு. பெரும்பாலான குச்சிகள் உலோகக் குழாய்கள். நம் ரயில் பாதைகளுக்கு மேலே ஓடும் கம்பியில் 25,000 வோல்ட் மின்சாரம் இருக்கிறது. கம்பியைத் தொடாவிட்டாலும், அருகில் போனாலே காற்றைத் தாண்டிப் பாயக்கூடிய அழுத்தம் அது. ரயில் நிலையத்தில், அதுவும் பெட்டியின் மேலேறி நின்று, யாரும் குச்சியை உயர்த்தவே கூடாது. இடி மின்னல் நேரத்தில் மலை உச்சியிலும் திறந்த கடற்கரையிலும் இதே எச்சரிக்கைதான். 2021 ஜூலையில் ஜெய்ப்பூர் ஆமேர் கோட்டை அருகே, மழையில் காவல் கோபுரத்தில் ஏறி நின்றவர்களில் 11 பேர் மின்னல் தாக்கி இறந்தார்கள். அங்கே உயரமே எமனாயிற்று. கையில் உலோகத்தை ஏந்தி அந்த உயரத்தை நாமே கூட்டிக்கொள்ள வேண்டாம்.

2011 முதல் 2017 வரை செய்திகளில் வந்த செல்ஃபி மரணங்களை இந்திய மருத்துவர்கள் தொகுத்து 2018இல் வெளியிட்டார்கள். 137 நிகழ்வுகளில் 259 உயிர்கள். அதிகம் இழந்த நாடு இந்தியா. நீரில் மூழ்கியது முதல் காரணம், ரயில் போன்ற வாகனங்களில் அடிபட்டதும் உயரத்திலிருந்து விழுந்ததும் அடுத்தடுத்த காரணங்கள். இது எல்லா செல்ஃபிகளின் கணக்கு, குச்சியின் கணக்கு அல்ல. பள்ளத்துக்கு முதுகைக் காட்டி, கண்ணைத் திரையில் வைத்து, ஓரடி பின்னால் வைப்பதும் ஆளைக் கொல்கிறது. கையில் குச்சி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த ஓரடி ஒன்றுதான்.

நினைவில் எது தங்கும்?

படம் எடுத்துக்கொண்டே இருந்தால் இடத்தை எங்கே பார்ப்பது என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். நல்ல கேள்வி, உளவியலாளர்களும் கேட்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் ஃபேர்ஃபீல்ட் பல்கலைக்கழகத்தில் லிண்டா ஹெங்கெல், மாணவர்களை அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போய்ச் சோதித்தார். வெறுமனே பார்த்த பொருள்களைவிடப் படம் எடுத்த பொருள்கள் அவர்களுக்குக் குறைவாகவே நினைவிருந்தன. ஆனால் ஒரு பொருளின் ஏதேனும் ஒரு பகுதியை நெருக்கி எடுத்தவர்களுக்கு நினைவு குறையவில்லை. 2014இல் அந்த ஆய்வு வெளிவந்தது.

அலிக்ஸாண்ட்ரா பராஷும் உடன் ஆய்வாளர்களும் 2017இல் வெளியிட்ட ஆய்வு, படம் எடுப்பவர்களுக்குக் கண்ணால் கண்டது கூடுதலாகவும் காதால் கேட்டது குறைவாகவும் நினைவிருக்கிறது என்றது. அதே குழு மறு ஆண்டு இன்னொன்றைக் காட்டியது. தன் நினைவுக்காகப் படம் எடுப்பவர் பயணத்தை ரசிக்கிறார். மற்றவர்களுக்குப் பகிர்வதற்கென்றே எடுப்பவரின் ரசிப்பு குறைந்துவிடுகிறது, தான் எப்படித் தெரிவோம் என்ற கவலை அதைத் தின்றுவிடுகிறது.

2023இல் சகரி நீஸி, லிசா லிபி முதலானோர் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. நம் கண் பார்த்ததைப் படமாக எடுத்தால், அந்தக் கணத்தின் அனுபவம் மீள்கிறது. நாமும் உள்ளே இருக்கும் படமோ, அந்த நாள் நம் வாழ்வில் என்ன பொருள் கொண்டது என்பதை நினைவூட்டுகிறது. தன்னைத் தானே படம் எடுப்பதெல்லாம் வெறும் தற்பெருமை என்று ஒதுக்கிவிட முடியாது.

இதைப் படித்தபோதுதான் எங்கள் வீட்டு ஆல்பம் நினைவுக்கு வந்தது. சிறு வயதில் நாங்கள் போன ஊர்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. கன்னியாகுமரி, ராமேஸ்வரம், ஒகேனக்கல். எல்லாப் படங்களிலும் அம்மா, அண்ணன், நான். அப்பா ஒன்றில்கூட இல்லை. கேமரா அவர் கையில் இருந்தது. 36 படம் விழும் ஃபிலிமை ஊர் பேர் தெரியாதவரிடம் நம்பிக் கொடுக்க அவருக்கு மனம் வந்ததில்லை. சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லி எடுப்பார். அதனால் கன்னியாகுமரிப் படத்தில் மட்டும், மாலை வெயிலில் நீண்ட அவர் நிழல் அம்மாவின் கால்வரை வந்து கிடக்கிறது.

மாமல்லபுரத்தில் அன்று இரண்டு படங்கள் எடுத்தோம். முதல் படம் குச்சியில் எடுத்தது. எட்டுப் பேரும் ஒரே அளவில், கோயில் முழுதாக, எல்லோர் கண்ணும் திரையைப் பார்த்தபடி. எடுத்ததும் அவன் குச்சியை மடக்கிப் பைக்குள் வைத்தான், அண்ணனுக்கு நிம்மதி. பிறகு அம்மா, சுண்டல் விற்றுக்கொண்டு வந்தவரைக் கூப்பிட்டு, "தம்பி, ஒரு படம் எடுத்துக் குடுப்பா" என்று போனை நீட்டினார். அவர் தூக்கை மணலில் வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தார். கோபுரத்தின் உச்சி வெட்டுப்பட்டிருக்கிறது. "அந்த ஓரத்துல இருக்கற பெரியவர் கொஞ்சம் சிரிங்க" என்று அவர் சொன்னதில் எல்லோரும் சிரித்திருக்கிறோம்.

இரண்டையும் பிரின்ட் போட்டு, கன்னியாகுமரிப் படத்துக்கு எதிர்ப்பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். இரண்டிலும் ஓரத்தில் அப்பா நிற்கிறார்.